"மே கொமீ மன்ஸானாஸ்" ஏன் தவறு?

தொடக்கநிலை:
ஆறு மாதமாக ஸ்பானிஷ் படிக்கிறேன். அதன் இரண்டு இறந்தகால வடிவங்களில், முடிந்த செயலுக்குப் பிரெத்தேரிதோ, நடந்துகொண்டிருந்த செயலுக்கு இம்பெர்ஃபெக்தோ என்று மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன், நேற்று அது ஆட்டம் கண்டுவிட்டது. 'மே கொமீ மன்ஸானாஸ்' (ஆப்பிள் சாப்பிட்டேன்) என்று எழுதியதில் ஆசிரியர் 'மே'யை மட்டும் அடித்துவிட்டார். 'மே கொமீ லா மன்ஸானா' என்றால் சரியாம். அதே தாளில் 'லெயீ லா நொவேலா உனா ஓரா', அதாவது நாவலை ஒரு மணி நேரம் படித்தேன், அதைச் சரி என்று விட்டுவிட்டார். நான்தான் நாவலை முடிக்கவே இல்லையே, அப்புறம் எப்படிப் பிரெத்தேரிதோ?

வலென்சியாவாசி:
எல்லாப் பொறுப்பையும் காலத்தின் தலையில் கட்டுகிறீர்கள். செயலுக்கு ஓர் எல்லை உண்டா என்பதை வினையும் செயப்படுபொருளும் சேர்ந்துதான் சொல்கின்றன. 'லா மன்ஸானா' ஒரே பழம், கடைசிக் கடியோடு தின்பதும் தீர்ந்தது. வெறும் 'மன்ஸானாஸ்' என்றால் எத்தனை என்று கணக்கில்லை, தின்றுகொண்டே போகலாம். தின்பது, குடிப்பது, படிப்பது போன்ற வினைகளில் இந்த 'மே', 'தே', 'ஸே' (என்னை, உன்னை, தன்னை என்ற சிறு சொற்கள்) சேர்ந்தால் முழுவதையும் தீர்த்தாயிற்று என்று பொருள், அதனால் அளவு தெரிந்த பொருள் பக்கத்தில் வேண்டும்: 'தோஸ் மன்ஸானாஸ்' (இரண்டு ஆப்பிள்), 'தோதோ எல் பான்' (ரொட்டி முழுவதும்) எல்லாம் சரி. நம் 'சாப்பிட்டுவிட்டேன்' நினைவுக்கு வரும், ஆனால் அப்படியே பொருத்தாதீர்கள், நாம் அளவே சொல்லாமல் 'ஆப்பிள் சாப்பிட்டுவிட்டேன்' என்போம்.

நாவலுக்கு வருகிறேன். பிரெத்தேரிதோ வேலை முடிந்ததைச் சொல்வதில்லை, அந்தப் பொழுது முடிந்ததைச் சொல்கிறது. ஒரு மணி நேரம் படித்தீர்கள், மூடி வைத்தீர்கள், அவ்வளவுதான். 'உனா ஓரா'வை எடுத்துவிட்டு 'என் தோஸ் தீயாஸ்' (இரண்டே நாளில்) போட்டால் நாவல் முடிந்துவிடும். 'மே லெயீ லா நொவேலா' என்று எழுதிப் பக்கத்தில் 'உனா ஓரா' வைத்தால் இடிக்கும்.

இலக்கணப்பிரியன்:
மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எல்லையே இல்லாத வினையைப் பிரெத்தேரிதோவில் போட்டால் பல சமயம் தொடக்கம்தான் தெரியும். 'ஸபீயா' எனக்குத் தெரிந்திருந்தது, 'ஸூபே' எனக்குத் தெரியவந்தது. 'கொனொஸீயா' பழக்கமிருந்தது, 'கொனொஸீ' முதல் முறை சந்தித்தேன். அகராதியில் இவை வேறு வேறு அர்த்தம் மாதிரி கிடக்கும், உண்மையில் வினை ஒன்றுதான். இலக்கண அறிஞர் ஆந்திரெஸ் பெய்யோ 1847-இல் சிலி நாட்டின் சாந்தியாகோவில் வெளியிட்ட இலக்கணத்திலேயே வினைகளை முடிந்தால்தான் நிறைவேறுபவை, நிறைவேறிய பிறகும் தொடர்பவை என்று இரண்டாகப் பிரித்துவிட்டார். அதற்கு அவர் எடுத்துக்கொண்டது ஆதியாகமத்து வசனம்: 'லா லூஸ் ஃபுவே'. 'இரு' என்ற வினையின் பிரெத்தேரிதோதான் அது, ஆனால் பொருள் வெளிச்சம் உண்டாயிற்று என்பது, இருந்து முடிந்தது என்பதல்ல. எனக்கு இந்த ஒரு வரியில்தான் எல்லாம் பிடிபட்டது. இம்பெர்ஃபெக்தோவுக்கு அவர் வைத்த பெயர் கோப்ரெத்தேரிதோ, இன்னொரு கடந்த நிகழ்வுக்கு உடன் இருந்தது என்று பொருள். நீ வந்தபோது மழை பெய்துகொண்டிருந்தது என்பதில் மழைக்கு 'யொவீயா' வருவது அதனால்தான்.

தொடக்கநிலை:
இரண்டு பேருக்கும் மிகவும் நன்றி. அப்படியென்றால் 'ஸே துர்மியோ' என்பது முழுத் தூக்கமும் தூங்கித் தீர்த்தாள் என்றா?

வலென்சியாவாசி:
இல்லை, அங்கே செயப்படுபொருளே இல்லையே. 'துர்மியோ ஓச்சோ ஓராஸ்' எட்டு மணி நேரம் தூங்கினாள். 'ஸே துர்மியோ' தூங்கிப்போனாள், கண் அயர்ந்த அந்த நொடி மட்டும். 'இர்' (போவது), 'இர்ஸே' ஜோடியையும் பாருங்கள், 'இரு', 'போ' இரண்டுக்கும் பிரெத்தேரிதோ ஒரே வடிவம்தான்: 'ஃபுவே' போனான், 'ஸே ஃபுவே' கிளம்பிப் போய்விட்டான்.