டார்ட்மூரில் வயதான நாயோடு நடக்க வழி சொல்லுங்கள்

வணக்கம். மே கடைசியில் இங்கிலாந்தின் டார்ட்மூர் என்னும் திறந்தவெளி மேட்டுநிலத்துக்கு எங்கள் லாப்ரடார் மணியோடு போகிறோம். அவனுக்கு 11 வயது, பின்னங்காலில் மூட்டுவலி. ஆற்றைப் பார்த்தால் மட்டும் குட்டியாகிவிடுவான்!

அங்கே போஸ்ட்பிரிட்ஜ் கிராமத்தில் பழைய கற்பலகைப் பாலத்தைப் பார்த்துவிட்டு, கிழக்கு டார்ட் ஆற்றை ஒட்டி பெல்லவர் என்ற சிற்றூர் வரை நடக்க ஆசை. வழியில் வேலியை ஏறிக் கடக்கும் படிகள் உண்டா? 30 கிலோவைத் தூக்க என்னால் முடியாது.

அப்புறம், கிரிம்ஸ்பவுண்டில் வெண்கலக் கால வட்டக் குடிசைகளின் அடித்தளங்களைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அங்கே ஹெதர் புதர்களில் விரியன் பாம்பு இருக்கும் என்பதுதான் பயம். தரையில் கூடு கட்டும் பறவைகளுக்காக மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயைக் கயிற்றில் பிடித்தே நடக்க வேண்டும். சரி, அப்படியே செய்வோம்.

போய் வந்தவர்கள், ஏற்றம் குறைவான பாதை எதுவென்று சொல்லுங்களேன்.