புதுப்பிப்பு: மகளின் பாற்பல் பிடுங்கிய இடைவெளி

என் ஏழு வயது மகளின் கீழ்க் கடைசிப் பாற்பல் சொத்தையால் பிடுங்கப்பட்டபோது, எப்படியும் விழும் பல்தானே, அப்படியே விட்டுவிடலாமா என்று மாசியில் இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. இடம்பிடிப்பான் (பல் போன இடம் மூடிவிடாமல் காக்கும் சிறு கருவி) பொருத்தச் சொன்ன பாடசாலைப் பற்சிகிச்சையாளரின் யோசனையே கைகொடுத்தது.

ஹட்டனிலிருந்து பஸ்ஸில் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்குச் சென்றோம். எக்ஸ்ரேயில் நிரந்தரப் பல் தாடைக்குள் இருப்பது தெரிந்தது. அது வெளிவர 10 முதல் 12 வயதாகும் என்பதால், ஆறு வயதில் முளைத்த பெரிய கடைவாய்ப்பல் அதற்குள் முன்னோக்கிச் சாய்ந்து இடத்தை அடைத்துவிடும் என்றும், பின்னர் வரும் பல் கோணலாக முளைக்கவோ உள்ளேயே சிக்கிக்கொள்ளவோ கூடும் என்றும் வைத்தியர் பொறுமையாக விளக்கினார். அந்தப் பெரிய பல்லைச் சுற்றி ஓர் உலோக வளையத்தை ஒட்டி, அதிலிருந்து முன்னுள்ள பல்லைத் தொடும்படி வளைத்த கம்பியை இடைவெளியில் நிறுத்தினார்கள். வலியே இல்லை.

எதிர்பாராதது ஒன்று: பொருத்திய இரண்டாம் மாதம் தொதல் மென்றபோது வளையம் கழன்று, தொதலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. நாங்களாகப் பொருத்திப் பார்க்காமல், அதை ஒரு சிறு டப்பாவில் போட்டு அதே கிழமையில் கொண்டுபோனோம், மீண்டும் ஒட்டினார்கள். இடைவெளி குறையவில்லை. புதிய பல் தலைகாட்டியதும் கம்பியைக் கழற்ற வேண்டும். அதுவரை ஒட்டும் இனிப்புகள் கூடாது.