கோத்தகிரியில் லாவெண்டர்: அடி இலை கறுக்கிறது, பூவும் இல்லை

கோத்தகிரிவாசி:
வீட்டு முன்பக்கம் தரையிலேயே லாவெண்டர் வைத்திருக்கிறேன். கேரட் பாத்திக்குப் போடுகிற தொழுவுரம்தான் இதற்கும். நன்றாகத் தழைத்தது, ஆனால் ஒரு மொட்டுகூட விடவில்லை, இப்போது மழை பிடித்ததும் அடி இலையெல்லாம் கறுத்து உதிர்கிறது. காலை பத்து மணி வரை சில்வர் ஓக் நிழல், அப்புறம் வெயில், மதியத்துக்கு மேல் பல நாள் மூடுபனி. பூஞ்சை மருந்து அடிக்கலாமா?

மேட்டுப்பாத்தி:
மருந்து வேண்டாம் அக்கா, தண்ணீர் வடிய வழி பண்ணுங்கள். லாவெண்டர் குளிரைத் தாங்கும், வேரில் ஈரம் நின்றால்தான் போய்விடும். மண் ஈரமாக இருந்தும் செடி துவண்டு நின்றால் வேர் அழுகிவிட்டது என்று அர்த்தம், அதைப் பிடுங்கிவிடுங்கள். மற்றதை ஒரு அடி உயர மேட்டுப்பாத்திக்கு மாற்றி, பொடிச் சரளையும் மணலும் தாராளமாகக் கலந்து, செடிக்குச் செடி இரண்டடி விட்டு நடுங்கள், காற்று உள்ளே போக வேண்டும். கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகைதான் பெரிய மழை, அதற்கு முன்பே இதை முடித்துவிடுவது நல்லது. தொழுவுரத்தை அடியோடு நிறுத்துங்கள், தழைச்சத்து கூடினால் இலைதான் வரும். மரத்தின் கீழ்க்கிளைகளையும் கழித்துவிடுங்கள், குறைந்தது ஆறு மணி நேர வெயில் இல்லாமல் இது பூக்காது.

இன்னொன்று, நம் மண் புளிப்பு மண். தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரை பி.எச். (மண்ணின் புளிப்பைக் காட்டும் அளவு, எண் குறைந்தால் புளிப்பு அதிகம்) போதும், லாவெண்டருக்கு 6.5க்கு மேல் வேண்டும். மண்ணைப் பரிசோதித்துவிட்டு, புளிப்பைக் குறைக்க டோலமைட் (ஒருவகைச் சுண்ணாம்புக்கல் தூள்) போடுங்கள், கண்ணை மூடிக்கொண்டு கொட்டாதீர்கள்.

கொடைக்கானல் தோட்டம்:
அவர் சொன்னதெல்லாம் சரி, ஆனால் எந்த ரகம் என்று யாரும் கேட்கவில்லையே? இலை ஓரம் ரம்பப்பல் மாதிரி இருந்தால் டென்டாட்டா, நம் மலைக்கு அதுதான் தோது. ஓரம் வழவழப்பாக, இலை ஒல்லியாக இருந்தால் அங்குஸ்டிஃபோலியாவாக இருக்கலாம். அதற்கு நல்ல குளிர்காலமும் அப்புறம் நீண்ட பகலும் வேண்டும், நம் பக்கம் ஜூன் மாதத்தில்கூடப் பகல் 13 மணி நேரத்தைத் தொடுவதில்லை. எவ்வளவு பார்த்துக்கொண்டாலும் அது இங்கே கஞ்சத்தனமாகத்தான் பூக்கும்.

கோத்தகிரிவாசி:
இப்போதுதான் பார்த்தேன், பல் பல்லாகத்தான் இருக்கிறது! செடி உயரமாகப் போய் சாய்கிறது, தேயிலை மாதிரி அடியோடு கவாத்து பண்ணலாமா?

மேட்டுப்பாத்தி:
ஐயோ, வேண்டாம். தேயிலையை மொட்டையாக வெட்டினாலும் துளிர்க்கும், லாவெண்டரில் இலையில்லாத பழுப்புக் கட்டையை வெட்டினால் பெரும்பாலும் துளிர் வராது. மழை ஓய்ந்ததும் பச்சை இருக்கிற பகுதியில் மட்டும் மூன்றில் ஒரு பங்கு எடுங்கள். வெட்டிய நுனியில் நோயில்லாத நாலு அங்குலக் குச்சிகளைப் பொறுக்கி, அடி இலையை உருவிவிட்டு, மணலும் தேங்காய் நார்த்தூளும் கலந்த தொட்டியில் ஊன்றி நிழலில் வையுங்கள். ஒன்றரை மாதத்தில் வேர் பிடித்துவிடும்.