புதுப்பிப்பு: டிஸ்க் பிதுங்கிய டாஷ்ஹண்ட் நாய், எட்டு வாரம் கழித்து

எங்கள் 6 வயது டாஷ்ஹண்ட் மணிக்கு முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் பிதுங்கிப் பின்னங்கால்கள் தள்ளாடியபோது, அறுவை சிகிச்சை இல்லாமல் வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. மணி இப்போது நடக்கிறான்.

பலன் தந்தது கூண்டு ஓய்வுதான், அதாவது ஓடாமல் குதிக்காமல் கூண்டுக்குள்ளேயே வைத்திருப்பது. "வலி குறைஞ்சதும் அவிழ்த்து விட்றாதீங்க, அப்போதான் ஆபத்து" என்று ஒரு அக்கா எழுதியிருந்தார். அப்படியே ஆனது. மாத்திரை தொடங்கிய நாலாம் நாளே குதிக்கப் பார்த்தான். வலி போனாலும் டிஸ்க் ஆற வாரக்கணக்கில் ஆகும் என்றார் டாக்டர். அதனால் ஆறு வாரம் சிறுநீர், மலம் கழிக்க மட்டும் வெளியே. அதுவும் வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தாங்கிப் பிடித்தபடி. கழுத்துப்பட்டைக்குப் பதில் ஹார்னஸ் (மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை). தூக்கும்போது மார்பையும் இடுப்பையும் சேர்த்துத் தாங்கினோம், முதுகு வளையக்கூடாது.

எதிர்பாராதது சிறுநீர்த் தொற்று. இரண்டாவது வாரம் சிறுநீர் கடுமையாக நாறியது. கால்களையே பார்த்துக்கொண்டிருந்ததில், சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகவில்லை என்பதைக் கவனிக்கவில்லை. ஆன்டிபயாட்டிக்கில் சரியானது. பையை மெல்ல அழுத்திக் காலிசெய்ய டாக்டர் நேரில் கற்றுத்தந்தார். அதைப் பார்த்துப் பழகாமல் செய்ய வேண்டாம்.

அப்புறம், டைல்ஸ் தரையில் கால் வழுக்கியது. யோகா பாய்களை விரித்ததும் நன்றாக ஊன்றினான்.

இதைத் தேடி வருபவர்களுக்கு ஒன்று: பின்னங்கால் விரலை அழுத்திக் கிள்ளினாலும் நாய்க்கு உணர்வே இல்லையென்றால் வீட்டில் காத்திருக்காதீர்கள், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மனிதர்களின் வலி மாத்திரையும் கொடுக்காதீர்கள்.

இடது கால் மட்டும் இன்னும் லேசாக இழுக்கிறது. சோபாவுக்கு முன்னால் நாற்காலி வைத்து மறித்திருக்கிறோம்.