கள ஆய்வுக் குறிப்பு நாவலாவது எப்படி? பெண் எழுத்தாளர்களின் வேலைமுறை பற்றி ஒரு கேள்வி

முக்கூடல்வாசி:
வணக்கம். திருநெல்வேலிப் பக்கம் பீடி சுற்றும் பெண்களை வைத்து நாவல் எழுதுகிறேன். தகவலுக்குக் குறையில்லை. இலையை நனைத்து ஈரச்சாக்கில் சுற்றி வைப்பது, தகடு வைத்துக் கத்தரிப்பது, ஆயிரத்துக்கு இவ்வளவு என்ற கூலிக் கணக்கு, கொடுத்த இலை போதாமல் கைக்காசு போட்டு வாங்குவது, கடையில் பார்த்துக் கழித்துப் போடுவது எல்லாம் நோட்டில் இருக்கிறது. ஆனால் மூன்றாவது அத்தியாயத்திலேயே கதை நின்று கட்டுரையாகிவிடுகிறது. தகவல் திரட்டி எழுதிய பெண் நாவலாசிரியர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள்? உத்வேகம் பற்றிய பேச்சு வேண்டாம். நோட்டு, திட்டம், திருத்தம் என்ற அளவில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உப்பங்கழி:
முதலில் ராஜம் கிருஷ்ணனைப் படியுங்கள். தமிழில் களத்துக்குப் போய் எழுதியவர்களில் அவருக்குப் பிறகுதான் மற்றவர்கள். ‘கரிப்பு மணிகள்’ (1979) தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றியது. அதில் பொன்னாச்சியும் தம்பி பச்சையும் அளத்துக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள். அவர்கள் கற்றுக்கொள்வதையே வாசகரும் கற்றுக்கொள்கிறார். தொழிலைத் தனியாக உட்கார்ந்து விளக்க வேண்டிய தேவை பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடுகிறது. ‘குறிஞ்சித் தேன்’ (1963) நாவலில் வேறு வழி. நீலகிரியின் படகர் வாழ்க்கையில் வந்த தலைமுறை மாற்றங்களைப் பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை பூக்கும் குறிஞ்சியைக் காலக்கணக்காக வைத்துக் கட்டினார். வருஷத்தை எண்ணிச் சொல்லும் வேலையைப் பூவே பார்த்துக்கொள்கிறது.

உங்கள் கதையிலும் பீடி சுற்றத் தெரியாத ஒருத்தி வேண்டும். கலியாணமாகி வந்தவளோ, பள்ளிக்கூடத்தை விட்ட பெண்ணோ. காலக்கணக்கும் தொழிலுக்குள்ளேயே இருக்கிறது: இலை கொடுக்கும் நாள், பீடியைக் கடையில் போடும் நாள், சம்பள நாள். மழை வந்தால் பீடி காயாது, வெயிலில் இலை முறுகிவிடும்.

“ஆயிரம் பீடிக்குக் கொடுக்கும் இலை பெரும்பாலும் போதுவதில்லை” என்பது குறிப்பு. கதையில் இப்படி வரலாம்:

“மாமியார் முறத்தைச் சாய்த்துப் பார்த்தாள். தூள் மிச்சம் கிடந்தது, இலை இல்லை. ‘நீ பெருசு பெருசா வெட்டித் தள்ளிருக்கே’ என்றாள். மருமகள் தாலிக்கயிற்றில் முடிந்திருந்த ரூபாயை அவிழ்த்தாள்.”

தகவல் அதேதான். இங்கே ஒருத்தி மேல் பழி விழுகிறது, இன்னொருத்தி கையில் காசு குறைகிறது. பேச்சில் மட்டும் வட்டார வழக்கை வையுங்கள். ஒலிப்பதிவில் கேட்டதை ஒரு வார்த்தை விடாமல் இறக்கினால் இரண்டு பக்கத்துக்கு மேல் யாராலும் படிக்க முடியாது.

பழைய காகிதம்:
உங்களுக்கு வந்திருக்கும் சிக்கல், ஆண் பெயரில் எழுதிய ஆங்கில நாவலாசிரியை ஜார்ஜ் எலியட்டுக்கும் வந்தது. 15ஆம் நூற்றாண்டு ஃபிளாரன்ஸை வைத்து ‘ரொமோலா’ (1862–63) எழுத 1860, 1861 இரண்டு வருஷமும் அந்த ஊருக்குப் போனார், மலைமலையாகப் படித்தார். படித்தது அத்தனையும் பக்கத்தில் தெரிகிறது. தெருவும் உடையும் நுணுக்கமாக இருக்கின்றன, ஆட்கள் அவற்றுக்குப் பின்னால் மறைந்துபோகிறார்கள்.

பிறகு ‘மிடில்மார்ச்’ நாவல் எழுதும்போது அவர் வைத்திருந்த குறிப்பேடு இன்றும் ஹார்வர்டில் இருக்கிறது, 1950இல் அச்சிலும் வந்தது. அதில் இரண்டு பகுதி. ஒன்றில் மருத்துவம், காலரா, 1829–32 காலத்து அரசியல் தேதிகள். இன்னொன்றில் அத்தியாயப் பட்டியல், எந்தச் சம்பவம் எந்த மாதம், எந்த ஆளுக்கு யாரோடு என்ன உறவு. தகவல் ஒரு பக்கம், கதையின் கணக்கு ஒரு பக்கம். உங்கள் நோட்டில் இந்த இரண்டாவது பாதி இல்லை என்று நினைக்கிறேன். அதுதான் மூன்றாவது அத்தியாயத்தில் இடிக்கிறது.

இன்னொன்று. அந்த நாவல் முதலில் ஒரே கதையாக இருக்கவில்லை. 1869இல் ஊரையும் டாக்டர் லிட்கேட்டையும் வைத்து ஆரம்பித்தார், ஓடவில்லை. 1870 கடைசியில் ‘மிஸ் புரூக்’ என்று ஒரு பெண்ணின் திருமணத்தை வைத்துத் தனிக்கதை தொடங்கினார். அடுத்த வருஷம் இரண்டையும் இணைத்தார். தகவல் கனமான பகுதிக்குப் பக்கத்தில் ஒரு திருமணத்தின் கதை வந்த பிறகுதான் ஓட்டம் கிடைத்தது. பீடிக்கு வெளியே உங்கள் நாயகிக்கு என்ன வேண்டும்? அதை ஒரே வரியில் சொல்ல வரவில்லையென்றால் எழுதுவதை நிறுத்திவிட்டு அதைக் கண்டுபிடியுங்கள்.

முக்கூடல்வாசி:
நன்றி, இரண்டு பதிலும் நேரே விஷயத்துக்கு வருகின்றன. நாயகிக்கு வேண்டியது மகளை இந்த வேலையில் உட்கார விடாமல் இருப்பது. சரி, கூலிச் சட்டம், நல வாரியம், தொழிற்சங்கம் இதெல்லாம் முக்கியமான விஷயம். அத்தியாயத்துக்கு நடுநடுவே சிறு கட்டுரையாக வைத்தால் என்ன?

மூன்றாம் புரூஃப்:
ஆங்கில நாவலாசிரியை வர்ஜீனியா வூல்ஃப் அதைச் செய்து பார்த்துவிட்டுக் கைவிட்டார். 1932 அக்டோபரில் ‘த பார்ஜிட்டர்ஸ்’ என்ற பெயரில் ஒரு கட்டுரை, ஒரு கதைப்பகுதி என்று மாற்றி மாற்றி எழுதத் தொடங்கினார். அடுத்த வருஷத் தொடக்கத்திலேயே கட்டுரைகளை எடுத்துவிட்டார். கதை ‘த இயர்ஸ்’ என்று 1937இல் வந்தது. அதிலும் புரூஃப் நிலையில் பெரிய பகுதிகளை வெட்டினார். பெண்களின் படிப்பு, வருமானம், தொழில் பற்றிய வாதமெல்லாம் 1938இல் ‘த்ரீ கினீஸ்’ என்ற தனி நூலானது.

கட்டுரை பக்கத்தில் இருந்தால் கதை அதற்கு உதாரணமாகிவிடும் என்பதுதான் ஆபத்து. கட்டுரை சொன்னதையே பாத்திரம் செய்துகாட்ட வேண்டிவரும். எதிர்பாராத ஒன்றைச் செய்ய அவளுக்கு இடமிருக்காது. சட்டம் பற்றி எழுதியதைக் கிழிக்க வேண்டாம், தனிக் கோப்பில் வையுங்கள். நாவலுக்குப் பிறகு அது ஒரு நல்ல கட்டுரைத் தொகுப்பாகலாம். இந்தப் பெண்களுக்கு அதுவும் தேவைதான்.

அமெரிக்க நாவலாசிரியை டோனி மாரிசன் நேர் எதிர்த்திசையில் போனார். 1974இல் ரேண்டம் ஹவுஸில் ‘த பிளாக் புக்’ தொகுப்பைப் பதிப்பித்தபோது, 1856இல் தப்பியோடிப் பிடிபடும் நேரத்தில் தன் குழந்தையைக் கொன்ற அடிமைப் பெண் மார்கரெட் கார்னர் பற்றிய பழைய செய்தி கையில் கிடைத்தது. ‘பிலவ்ட்’ (1987) அதிலிருந்து வந்ததுதான். ஆனால் கார்னரின் உண்மை வாழ்க்கையை மேலும் தோண்டாமல் இருந்தார். கற்பனைக்கு அது தளையாகும் என்பது அவர் கருத்து. அடிமை முறையைப் பற்றி நன்றாகப் படித்தார், அந்த ஒருத்தியைப் பற்றி மட்டும் நிறுத்திக்கொண்டார். நீங்கள் பேட்டி கண்ட பெண்களில் ஒருவரை அப்படியே நாயகியாக்கியிருந்தால், உடனே அவர் குடும்பத்தையும் ஊரையும் மாற்றிவிடுங்கள். அவரது அந்தரங்கத்தைக் காப்பதற்கும் அது அவசியம்.

சட்டம் கதைக்குள் வரத்தான் வேண்டுமென்றால் ஒரு பொருளாக வரட்டும். நல வாரிய அட்டைக்கு விண்ணப்பிக்கும் இடத்தில் மகளின் பள்ளி உதவித்தொகை இருக்கிறது, அட்டை இல்லாவிட்டால் அது கிடைக்காது. நாயகியின் ஆசை அந்த ஒரு கையெழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும் அத்தியாயத்தை முதலில் எழுதுங்கள். மூன்றாவது அத்தியாயம் அதற்கு முன்னால் தேவைதானா என்பது அப்போது தெரியும்.