பொழுது சாய்ந்தால் கேட் கேமராவில் கோடு கோடாக ஓடுகிறது: கேமராவா, வயரா?

கொட்டிவாக்கம் மகள்:

எல்லோருக்கும் வணக்கம். கொட்டிவாக்கத்தில் அம்மா தனியாக இருக்கிறார், வயது 74. நான் வில்லிவாக்கத்தில் இருக்கிறேன். அவசரம் என்றால்கூட ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர முடியாது. அப்பா காலமான பிறகு, 2019-ல், வீட்டைச் சுற்றி நாலு கேமரா போட்டோம். 2 மெகாபிக்சல், வயர் வைத்த பழைய வகைதான். படத்தைப் பதிவு செய்கிற டிவிஆர் பெட்டி ஹாலில் டிவிக்குக் கீழே இருக்கிறது.

மூன்று கேமராவில் குறை ஒன்றும் இல்லை. கேட்டைப் பார்க்கிற நாலாவதுதான் பிரச்சினை. பகலெல்லாம் படம் பளிச்சென்று இருக்கும். சாயங்காலம் ஆறேகால் ஆனதும் படுக்கைவாட்டில் கோடுகள் கீழிருந்து மேலே ஊர ஆரம்பிக்கும். எட்டு மணிக்கு மேல் படம் போய் 'வீடியோ லாஸ்' என்று வரும். சில நொடியில் திரும்ப வரும், உடனே மறுபடி போகும். காலையில் நன்றாக வெளிச்சம் வந்ததும் தானாகச் சரியாகிவிடும். மழை பெய்த அன்றைக்கு இன்னும் மோசம்.

எனக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், அம்மா விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து கேட்டைத் திறந்து, வாசல் தெளித்துக் கோலம் போட்டு, பால் பாக்கெட் எடுத்து வருவார். ஜூன் மாதம் அந்த ஈரத்தில் வழுக்கி விழுந்துவிட்டார். கேட் பக்கம் இருட்டு, படமும் இல்லை. ஏழு மணிக்குப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துச் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. தெய்வாதீனமாக எலும்பு முறிவு இல்லை. அன்றிலிருந்து ஐந்தரைக்கு எழுந்து போனைப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. பார்த்தால் கோடுதான் தெரிகிறது.

கேமரா போட்ட கடையிலிருந்து இரண்டு முறை வந்தார்கள். கேமரா போய்விட்டது என்று சொல்லிப் புதிது மாட்டி 2,800 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். மூன்று வாரம் ஒழுங்காக ஓடியது, நடுவில் இரண்டு மழை, மறுபடி அதே கோடு. இப்போது டிவிஆரையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றுவதற்கு முன்னால் நாங்களே பார்த்துக்கொள்ளக்கூடியது ஏதாவது இருக்கிறதா?

போரூர் தம்பி:

அக்கா, முதலில் ஒன்று சொல்லுங்கள். கோடு போனில் மட்டும் வருகிறதா, ஹாலில் இருக்கிற டிவியிலும் வருகிறதா? போனில் மட்டும் என்றால் இன்டர்நெட் கோளாறு. ஆனால் அதில் கோடு வராது, படம் கட்டம் கட்டமாக உடையும், உறைந்து நிற்கும். டிவியிலும் வந்தால் கோளாறு வீட்டுக்குள்தான்.

அடுத்து, டிவிஆரின் பின்பக்கம் கேமராவின் வீடியோ வயர் செருகுகிற நாலு பிஎன்சி இருக்கும். கேட் கேமரா வயரையும் நன்றாக ஓடுகிற ஒரு கேமராவின் வயரையும் இடம் மாற்றிச் செருகிப் பாருங்கள். கோடு பழைய சேனலிலேயே நின்றால் டிவிஆரில் குறை. வயரோடு கூடவே போனால் டிவிஆர் மேல் தப்பில்லை. அதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

கொட்டிவாக்கம் மகள்:

ரொம்ப நன்றி தம்பி. இன்றைக்கு இங்கேதான் இருக்கிறேன், இரவே பார்த்துவிட்டேன். டிவியிலும் வருகிறது. வயரை 2-ஆம் சேனலுக்கு மாற்றினேன், கோடும் கூடவே அங்கே போய்விட்டது. 4-ஆம் சேனலில் மாடிப்படி கேமரா சுத்தமாகத் தெரிகிறது.

பெருங்குடி வயர்மேன்:

மேடம், டிவிஆரைத் தொட வேண்டாம். பதினாறு வருடமாக இந்த ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) ஓரத்தில்தான் கேமரா வேலை பார்க்கிறேன். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் கேமராவுக்குக் கரண்ட் போதவில்லை.

ஏன் இருட்டினால் மட்டும் வருகிறது என்று சொல்கிறேன். பகலில் கேமரா கொஞ்சம்தான் இழுக்கும். இருட்டினதும் முகப்பில் இருக்கிற ஐஆர் (அகச்சிவப்பு) விளக்குகள் எரியும், இழுவை இரண்டு மூன்று மடங்கு ஆகிவிடும், அரை ஆம்பியர் வரைக்கும் போகும். ஹாலில் பவர் பெட்டியில் 12 வோல்ட் இருந்தாலும், மெல்லிசான வயரில் கேட் வரைக்கும் போய்ச் சேருவதற்குள் வழியிலேயே குறைந்துவிடும். இழுவை கூடக் கூட இந்தக் குறைவும் கூடும். 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலான கேமராக்கள் தடுமாறும். முதலில் கோடு வரும். இன்னும் இறங்கினால் கேமரா அணைந்துவிடும். அணைந்தால் ஐஆரும் அணையும், இழுவை குறையும், வோல்ட் ஏறும், கேமரா மறுபடி எழும், ஐஆர் எரியும், திரும்பவும் அணையும். நீங்கள் சொன்ன 'போகும், வரும்' இதுதான்.

இரவு வரைக்கும் காத்திருக்க வேண்டாம். நட்டநடுப் பகலில் கேமரா முகத்தைக் கருப்புத் துணியால் மூடுங்கள். அது இருட்டு என்று நினைத்து ஐஆரை எரியவிடும். டிவியில் படம் கருப்பாகத்தான் இருக்கும், அந்தக் கருப்பிலேயே கோடு ஓடினால் பவர்தான் என்று அர்த்தம். அப்படியே மல்டிமீட்டர் வைத்து அளந்துவிடுங்கள். பவர் பெட்டியின் 12 வோல்ட் முனையில் ஒரு அளவு. கேமரா பக்கத்தில் பவர் செருகுகிற டிசி பின்னில், கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போது, துணி இல்லாமல் ஒன்று, துணி போட்டு ஒன்று. கேமராவைக் கழற்றிவிட்டு அளந்தால் எப்போதும் 12-தான் காட்டும், அதை நம்பி ஏமாறாதீர்கள். ஒரு முக்கியமான எச்சரிக்கை: பவர் பெட்டியில் 230 வோல்ட் வருகிற திருகுகள் திறந்தே இருக்கும். கை பழகியவர்தான் தொட வேண்டும்.

கேமராவுக்குப் பின்னால் இருக்கிற பிளாஸ்டிக் பெட்டியையும், வழியில் எங்கேயாவது ஜாயின்ட் இருந்தால் அதையும் திறந்து பாருங்கள். கடல் காற்றில் செம்பு நிற்காது, பச்சையாகக் களிம்பு ஏறிவிடும். வெறும் இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி அங்கேயே தங்கும். புதுக் கேமரா மூன்று வாரம் ஓடினது எப்படி என்றால், மாட்டும்போது முனையைச் சீவிப் புதிதாக முறுக்கியிருப்பார்கள். அதில்தான் ஓடியிருக்கிறது, கேமராவால் இல்லை.

கேட் வரைக்கும் வயர் எத்தனை மீட்டர் இருக்கும்?

மந்தைவெளிக்காரர்:

என் வீட்டிலும் இரவில்தான் படம் கெட்டது. ஆனால் கோடு இல்லை, பனி மூட்டம் மாதிரி வெள்ளையாக இருக்கும். பார்த்தால் கேமராவின் நெற்றியில் சிலந்தி வலை. ஐஆர் வெளிச்சம் பக்கத்து வலையில் பட்டுத் திரும்பி லென்ஸிலேயே விழுகிறது. பழைய பனியனால் துடைத்தேன், போய்விட்டது. மரக்கிளை முன்னால் தொங்கினாலும் இதே கதை, கிளை மட்டும் வெளுப்பாகத் தெரியும், பின்னால் எல்லாம் இருட்டாகிவிடும். ஏணியில் ஏறும்போது இதையும் பார்த்துவிடுங்கள்.

போரூர் தம்பி:

ஆமாம். வராந்தா விளக்கு எரியும்போது மட்டும் பட்டை பட்டையாக நகர்ந்தால் செட்டிங்கில் 60 ஹெர்ட்ஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அக்கா வீட்டில் அது இல்லை, ஆனாலும் வேறு யாராவது படித்தால் உதவும் என்று எழுதுகிறேன்.

கொட்டிவாக்கம் மகள்:

அண்ணா, நீங்கள் எழுதியதைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை என் கணவரும் அவருடைய ஃபேக்டரி எலெக்ட்ரீஷியன் நண்பரும் வந்தார்கள். வயர் மதில் ஓரமாகவே சுற்றிப் போகிறது, அளந்தால் 38 மீட்டர்.

மத்தியானம் பன்னிரண்டு மணி வெயிலில் அம்மாவின் கருப்புக் குடையைக் கேமராமேல் கவிழ்த்தோம். ஐஆர் எரிந்தது, கோடும் வந்துவிட்டது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. மூன்று மாதமாக ஒவ்வொரு ராத்திரியும் பார்த்த அதே கோடு.

அளவு இப்படி இருந்தது. பவர் பெட்டியில் 12.2. கேமரா முனையில் குடை இல்லாமல் 11.0. குடை போட்டால் 8.6.

வேப்பமரத்துக்குப் பின்னால் மதிலில் ஒரு ஜாயின்ட் இருந்தது, எங்களுக்கே தெரியாது. டேப்பைப் பிரித்தால் நீங்கள் சொன்ன அதே பச்சைக் களிம்பு, ஒரு இழை தொட்டதும் உதிர்ந்தது. வெட்டிச் சீவிப் பற்றவைத்தோம். குடை போட்டு அளந்தால் 9.8. கோடு குறைந்தது, ஆனால் முழுதாகப் போகவில்லை.

பெருங்குடி வயர்மேன்:

ஜாயின்ட் ஒரு பங்கு, 38 மீட்டர் வயர் ஒரு பங்கு. வயரைப் பிளேடால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு மட்டும்தான். முழுச் செம்பாக இருந்தாலும் அந்த மெல்லிசு இவ்வளவு தூரத்துக்குத் தாங்காது.

கேட் தூணில் விளக்குக்கு லைன் இருக்குமே? அதிலிருந்து கேட் கேமராவுக்கு மட்டும் தனியாக ஒரு 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் வையுங்கள். பழைய பவர் வயரை அந்தக் கேமராவிலிருந்து கழற்றிவிடுங்கள், இரண்டையும் சேர்க்கவே கூடாது. விளக்கு ஸ்விட்சுக்கு முன்னால் லைன் எடுக்க வேண்டும், இல்லையென்றால் விளக்கை அணைத்தால் கேமராவும் அணையும். மூடி போட்ட மழைப் பெட்டிக்குள் வைத்து, வயர் நுழைகிற துளை கீழ்ப்பக்கம் இருக்கட்டும். பிஎன்சி முனைக்குத் தானாக ஒட்டிக்கொள்கிற ரப்பர் டேப் சுற்றுங்கள். வடகிழக்குப் பருவமழை வருவதற்குள் இதை முடித்துவிட வேண்டும்.

மாட்டின பிறகு அகலமாக ஒரு பட்டை மெதுவாக ஊர்ந்தால் பயப்படாதீர்கள், அது இரண்டு இடத்து எர்த் வித்தியாசம். வீடியோ வயரில் செருகுகிற கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று கேளுங்கள், சின்னதாக இருக்கும்.

கொட்டிவாக்கம் மகள்:

ரிச்சி தெருவில் அடாப்டர், பெட்டி, ரப்பர் டேப் எல்லாம் வாங்கி வந்து போன சனிக்கிழமை மாட்டினோம். குடை போட்டு அளந்தால் 12.1. ஆறு இரவு ஆகிவிட்டது, நடுவில் புதன்கிழமை நல்ல மழை. ஒரு கோடு இல்லை, பட்டையும் வரவில்லை.

இன்றைக்குக் காலை 5:40-க்கு அம்மா கேட்டைத் திறந்தார். பால் பையை எடுத்துத் திண்டில் வைத்துவிட்டு, இடுப்பில் ஒரு கையை ஊன்றிக் கோலம் போட்டதை முழுக்கப் பார்த்தேன். புள்ளிகூடத் தெரிகிறது. அண்ணா, தம்பி, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். கடையில் 'போய்விட்டது' என்று கழற்றின பழைய கேமராவை அம்மா பரணில் எடுத்து வைத்திருக்கிறார். அது உண்மையிலேயே போயிருக்குமா?

பெருங்குடி வயர்மேன்:

போயிருக்காது என்றுதான் நினைக்கிறேன். டிவிஆருக்குப் பக்கத்திலேயே ஒரு அடாப்டரில் இரண்டு இரவு ஓடவிட்டுப் பாருங்கள், முகத்தை மூடியும் பாருங்கள்.

கொட்டிவாக்கம் மகள்:

ஓடுகிறது அண்ணா. பின்பக்கம் துணி துவைக்கிற கல்லைப் பார்க்கிற மாதிரி மாட்டப்போகிறோம். அந்த இடமும் வழுக்கும்.