மூன்று முடித்தேன், ஒன்றில் இரண்டு தடவை தோற்றேன்

நடுப்பக்கம்:

எட்டு வருஷமாக நான் ஒரு நாவலைக்கூடத் தொடவில்லை. கல்லூரி நாட்களில் நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் விழுங்கியவள்தான். அப்புறம் வேலை, குழந்தை, கைபேசி. நாலு மாதத்துக்கு முன்னால், மகள் தூங்கிய பிறகு தினமும் இருபது பக்கம் என்று ஆரம்பித்தேன். சில நாள் இருபது, சில நாள் இரண்டு. இப்படியே மூன்று நாவல்களை முடித்துவிட்டேன். நாலாவதில் இரண்டு தடவை தோற்றுப்போனேன். அதைப் பற்றிக் கேட்கத்தான் வந்தேன். ஆனால் முடித்தவற்றையும் சொல்லிவிடுகிறேன், வீட்டில் கேட்க ஆளில்லை.

முதலில் பூமணியின் 'வெக்கை'. 'அசுரன்' படத்தை முன்பே பார்த்திருந்ததால் கதை தெரியும் என்ற நினைப்பில்தான் எடுத்தேன். ஒன்றும் தெரியவில்லை! படத்தை அப்பா சுமக்கிறார். புத்தகமோ முழுக்கப் பையனோடு போகிறது. பதினைந்து வயசு சிதம்பரம் கொலை செய்துவிட்டு ஓடுவதில் ஆரம்பிக்கிறது. எதிரியின் கையை மட்டும் வெட்டிவிட்டு வரலாம் என்று போகிறான், ஆளே செத்துப்போகிறான். பிறகு எட்டு நாள் அப்பாவும் மகனும் ஒளிந்து திரிகிறார்கள். எனக்கு ஒட்டிக்கொண்டது அந்த எட்டு நாள்தான். எங்கே தண்ணீர் கிடைக்கும், எங்கே படுக்கலாம், எதைச் சமைக்கலாம், இதுதான் பேச்சு. சாதிப் பெயர் ஒன்றுகூட வரவில்லை என்பதைப் புத்தகத்தை மூடி வைத்த பிறகுதான் கவனித்தேன். படித்து முடித்ததும் ஒரு வரி எழுதி வைக்கும் நோட்டு ஒன்று இருக்கிறது. அதில் எழுதியது: "இந்தப் பையன் மேல் யாராவது ஒரு போர்வையைப் போர்த்துங்கள்."

அடுத்து இமையத்தின் 'செல்லாத பணம்'. தலைமை ஆசிரியர் நடேசன், தான் இன்ஜினியரிங் படித்திருந்தும் ஆட்டோ ஓட்டுபவனைக் கட்டிக்கொண்ட மகள் ரேவதி, தீக்காயம், மருத்துவமனை. பெரும்பகுதி பேச்சு. ஒருவர் மாற்றி ஒருவர் அழுகிறார்கள், பழி போடுகிறார்கள், சொன்னதையே திரும்பச் சொல்கிறார்கள். பாதியில் மூச்சு முட்டியது. சாகித்திய அகாதெமி விருது வாங்கிய புத்தகத்தைக் குறை சொல்ல நான் யார், இருந்தாலும் கொஞ்சம் வெட்டியிருக்கலாம் என்று தோன்றியது. நோட்டிலும் அதைத்தான் எழுதினேன்: "நூறு பக்கம் அதிகம்."

மூன்றாவது அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு'. கடைசிப் பக்கங்களைப் படித்துவிட்டு அன்றைக்குத் தூங்கவில்லை. முடிவைச் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு முன்னால் அத்தனை கிரிக்கெட் எதற்கு? மாடு தேடுவது எதற்கு? புரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். முதல் தடவை நாற்பதாவது பக்கத்தில் விட்டேன், இரண்டாம் தடவை எழுபதில். மலாய்ச் சொற்கள், தெருப் பெயர்கள், திடீரென்று ஜப்பான்காரன், திடீரென்று பழைய மதுரை. யார் பேசுகிறார்கள் என்பதே பல இடங்களில் பிடிபடவில்லை. குறை என்னிடமா, புத்தகத்திலா?

வலது ஓரம்:

எனக்கும் எழுபதாவது பக்கம்தான்! மூன்றாவது தடவைதான் கரை சேர்ந்தேன். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, நிஜம்.

பழைய அட்டை:

குறை உங்களிடமும் இல்லை, புத்தகத்திலும் இல்லை அம்மா. படிக்கும் வேகத்தில் இருக்கிறது. நான் முப்பது வருஷம் மெய்ப்புத் திருத்தும் வேலை பார்த்தவன், அதனால் ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று பழகியவன். அந்தப் பழக்கமே இந்த நாவலில் என்னைக் கவிழ்த்தது. ஒரு மலாய்ச் சொல் வந்தால் நிற்பேன், அடுத்த வரியில் ஒரு சீனப் பெயர், மறுபடி நிற்பேன். பத்துப் பக்கத்தில் களைத்துவிடுவேன்.

பிறகு ஒரு நாள் கண் வலிக்கிறது என்று மனைவியை வாசிக்கச் சொன்னேன். அவள் எந்தச் சொல்லுக்கும் நிற்கவில்லை, தெரியாததைத் தப்பாகவே உச்சரித்துக்கொண்டு போனாள். அன்றைக்குத்தான் எனக்கு அந்த நாவல் கேட்டது. ஆமாம், கேட்டது. சுமத்ராத் தீவின் மேடான் நகரத் தெருவில் நடப்பவனுக்கு எல்லாச் சொல்லுமா புரியும்? காதில் விழும், கடந்து போவான். கதாநாயகன் பாண்டியன் அப்படித்தான் நடக்கிறான். அவன் கால் மேடானிலோ பினாங்கிலோ இருக்கும், மனசு மதுரைக் கடைத்தெருவில் இருக்கும். நீங்கள் சொன்ன 'திடீரென்று பழைய மதுரை' அதுதான். பிழைக்கப் போனவனின் தலைக்குள் நடப்பதை அந்தாளு அப்படியே எழுதிவிட்டார்.

சிங்காரம் 1938இல் பதினெட்டு வயசில் மேடானுக்குப் போனவர், யுத்தம் முடிந்து 1946இல் திரும்பியவர். அதற்குப் பிறகு மதுரையில் பத்திரிகை வேலை. ஆக அங்கே இருந்தது எட்டு வருஷம், எழுதியது இரண்டே நாவல். இரண்டும் அந்த எட்டு வருஷத்தைப் பற்றித்தான். 'புயலிலே ஒரு தோணி' 1972இல்தான் அச்சில் வந்தது. அதுவும் பதிப்பாளர் கிடைக்காமல் நெடுநாள் காத்திருந்து.

ஒன்று செய்யுங்கள். அவருடைய முதல் நாவல் 'கடலுக்கு அப்பால்' இருக்கிறது, 1959இல் வந்தது. அதே யுத்தம், அதே பினாங்கு, ஆனால் செல்லையா, மரகதம் என்று நேராகப் போகும் காதல் கதை. சின்னப் புத்தகம். அந்த ஊர்களும் வட்டிக்கடைப் பேச்சும் அதில் பழகிவிடும். பிறகு பெரியதற்கு வாருங்கள். குடித்துவிட்டுத் தமிழ் இலக்கியத்தையே கிழித்துத் தொங்கப்போடும் இடம் வரும்போது என்னை நினைத்துக்கொள்வீர்கள். நான் சிரித்த சிரிப்பில் வீட்டில் பயந்துவிட்டார்கள்.

மூன்றாம் நடுவர்:

பெரியவர் சொன்னதில் பாதிதான் சரி என்பேன். பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுவதும் வாசிப்புதான். எனக்கு இன்றுவரை அந்த நாவல் பெரிதாகத் தோன்றவில்லை. பாண்டியனைத் தவிர யாருமே ஆளாக நிற்கவில்லை, பெண்களைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

'18வது அட்சக்கோடு' பற்றிக் கேட்டீர்கள். அதன் நாயகன் சந்திரசேகரனுக்கு அந்த வயசில் உலகமே கிரிக்கெட்டும் மாடும்தான். 1947இல் நாட்டுக்குச் சுதந்திரம் வந்துவிட்டது, ஆனால் அவன் இருக்கும் செகந்திராபாத் இந்தியாவோடு சேராத ஹைதராபாத் நிஜாமின் ராஜ்யத்தில் இருக்கிறது. 1948 செப்டம்பரில் இந்தியப் படை வரும்வரை அங்கே என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. இதையெல்லாம் ஆசிரியர் ஒரு சொற்பொழிவாக எழுதியிருந்தால் நீங்கள் இருபதாம் பக்கத்திலேயே தூங்கியிருப்பீர்கள். அவர் என்ன செய்கிறார்? நேற்றுவரை சேர்ந்து விளையாடியவர்களுக்கு நடுவே ஒரு முறைப்பு வருகிறது, அதைக் காட்டுகிறார். அவ்வளவுதான். கிரிக்கெட்டை எடுத்துவிட்டுக் கடைசிக் காட்சியை மட்டும் படித்துப் பாருங்கள், அது வெறும் செய்தியாகிவிடும். உங்களைத் தூங்கவிடாமல் செய்தது அந்தக் கிரிக்கெட்தான்.

இரவுப்பணி:

நான் அதிகம் படித்தவள் இல்லை. செவிலியர். தீக்காயப் பிரிவில் ஆறு வருஷம் இருந்தேன், இப்போது வேறு பிரிவு. 'செல்லாத பணம்' பற்றி மட்டும் சொல்கிறேன் அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நூறு பக்கம் அதிகம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பிரிவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பவர்களுக்கு வேறு வேலை கிடையாது. உள்ளே விட மாட்டோம், தொற்று வந்துவிடும். அவர்களால் செய்ய முடிந்தது பேசுவது மட்டும்தான். சொன்னதையே சொல்வார்கள். 'அன்றைக்கே நான் தடுத்திருந்தால்' என்பதை ஒரு அப்பா ஒரே இரவில் நாற்பது தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன். பாதி உடம்புக்கு மேல் வெந்து வந்தவர்கள்கூட முதல் நாள் தெளிவாகப் பேசுவார்கள், தண்ணீர் கேட்பார்கள், பிள்ளை சாப்பிட்டதா என்று விசாரிப்பார்கள். ஆழமாக வெந்த இடத்தில் நரம்பு முனையே போய்விடுவதால் வலிகூடக் குறைவாகத்தான் தெரியும். உறவுக்காரர்கள் பிழைத்துவிட்டாள் என்று நினைப்பார்கள். எங்களுக்குத் தெரியும், சொல்ல மாட்டோம். உடம்பில் நீர் வற்றுவது, சிறுநீரகம், தொற்று எல்லாம் பிறகு வரிசையாக வரும்.

அப்புறம் மரண வாக்குமூலம். நீதிபதி வந்து எழுதிக்கொள்வார். 'அடுப்பு வெடித்தது' என்று சொன்னவர்கள் எத்தனை பேர்! அதில் எது நிஜம் என்று எனக்கு இன்றும் தெரியாது. அந்த நாவலும் என்ன நடந்தது என்று கடைசிவரை தீர்த்துச் சொல்லவில்லை. பலருக்கு அதுதான் குறையாகத் தெரிகிறது. எனக்கு அதுதான் நிஜமாகத் தெரிந்தது. அந்தப் புத்தகத்தை நான் ஒரே மூச்சில் படிக்கவில்லை. பதினெட்டு நாள் ஆனது.

இப்போது படிப்பது தாராசங்கர் பந்த்யோபாத்யாயவின் 'ஆரோக்கிய நிகேதனம்', வங்காளத்திலிருந்து த.நா. குமாரசாமி தமிழாக்கியது. நாடி பிடித்தே மரணம் வருவதைச் சொல்லிவிடும் ஒரு கிழ வைத்தியர், அவரைப் பிடிக்காத ஆங்கில மருத்துவம் படித்த இளம் டாக்டர். யார் பக்கம் நிற்பது என்று இருநூறு பக்கம் தாண்டியும் என்னால் முடிவு செய்ய முடியவில்லை. டாக்டர் சொல்வதுதான் சரி, ஆனாலும் கிழவரை விட மனசில்லை.

நடுப்பக்கம்:

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து இப்போதுதான் இங்கே திரும்பி வருகிறேன்.

பழைய அட்டை ஐயா, 'கடலுக்கு அப்பால்' முடித்துவிட்டேன். அழகான கதை, ஆனால் மரகதத்தைக் கொஞ்சம் பேச விட்டிருக்கலாம். பெரியதை நேற்று இரவு மூன்றாம் தடவை எடுத்தேன், உங்கள் மனைவியைப் போலத் தப்பும் தவறுமாக, வாய்விட்டு. மகள் எழுந்து "யாரோட சண்டை போடுற?" என்றாள். இப்போது 112ஆம் பக்கத்தில் இருக்கிறேன்.

நடுவர் சார், கிரிக்கெட் பற்றிச் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். மாட்டைப் பற்றி நீங்கள் பதில் சொல்லவில்லை.

இரவுப்பணி தங்கச்சி, உங்கள் பதிலை இரண்டு தடவை படித்தேன். நாவல் நீளம்தான் என்று இன்னமும் நினைக்கிறேன், அதனால் நோட்டில் எழுதியதை அடிக்கவில்லை. பக்கத்தில் "18 நாள்" என்று மட்டும் எழுதி வைத்தேன். 'ஆரோக்கிய நிகேதனம்' முடிந்ததும் சொல்லுங்கள், கிழவரா டாக்டரா என்று.